தொடாமல் போன லாரி

எழுதுவதற்கு எனக்குத் தகுதி இல்லை என்பது எனக்கே தெரியும். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு பென்சில் பிடித்ததெல்லாம் ரவிக்கைத் துணியில் அளவு குறிக்கத்தான். என் வீட்டுத் துக்கத்தை ஊராருக்கு முன்னால் விரிப்பது முறையா என்றும் தெரியவில்லை. தவறாக இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒன்று நடந்தது. அதைப் பார்க்காமல் இருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ரொட்டி விற்கிறவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த டாக்சி அவருடைய முழங்கையை உரசுகிற மாதிரி முந்திப் போனது. அவர் தடுமாறி ஒரு காலை ஊன்றி நின்றார். ரொட்டிப் பெட்டி சரிந்தது. அவர் ஏதோ கத்தினார். டாக்சிக்காரர் தலையை வெளியே நீட்டி, "படலதானே? அப்புறம் என்னலா கத்துற?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

படல. அந்தச் சொல்லைக் கேட்டதும் தையல் மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். ஜப்பான்காரன் காலத்தில் இதே சொல்லைப் பலர் வாயால் கேட்டேன். என் வீட்டுக்காரரே சொன்னார். இப்போது பெட்ரோல் திரும்ப வந்துவிட்டது. காரும் லாரியும் நாளுக்கு நாள் கூடுகின்றன. வண்டி ஓட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் நல்லது என்று தோன்றியது.

என் வீட்டுக்காரர் நகராட்சியில் குழாய் வேலை பார்த்தார். தெருவுக்கடியில் ஓடுகிற தண்ணீர்க் குழாய் எங்கே கசிகிறது என்று பார்த்து அடைக்கிற வேலை. ஆட்சி மாறினாலும் குழாயில் தண்ணீர் வரத்தானே வேண்டும்? அதனால் அவரை வேலையில் வைத்திருந்தார்கள். ஆயர் ஈத்தாமிலிருந்து பட்டணம் வரைக்கும் சைக்கிளில்தான் சுற்றுவார்.

அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது டயரும் கிடைக்காது, டியூபும் கிடைக்காது. தடித்த ரப்பர்க் குழாயை வெட்டிச் சக்கரத்தைச் சுற்றிக் கம்பியால் கட்டி ஓட்டினார்கள். காற்று இல்லாத சக்கரம். சின்னக் கல்லில் ஏறினாலும் வண்டி பக்கவாட்டில் துள்ளும். "இது சைக்கிள் இல்ல, ஆட்டுக்கடா," என்பார். "எந்தப் பக்கம் முட்டும்னு அதுக்கே தெரியாது."

லாரிகளின் கதையும் அப்படித்தான். பெட்ரோல் இல்லாததால் லாரியோடு ஓர் அடுப்பைச் சேர்த்துக் கட்டி, கரியை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். ஒரு தடவை வேகம் குறைந்தால் மேட்டில் மறுபடி இழுக்காது. ஆகையால் டிரைவர்கள் எதற்காகவும் வேகத்தைக் குறைக்கத் தயங்குவார்கள். இதெல்லாம் முனியாண்டி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். முனியாண்டி விறகு லாரி ஓட்டுகிறவர். நான் சொல்ல வந்தது அந்த லாரியைப் பற்றித்தான்.

அன்று காலை என் வீட்டுக்காரர் சாலையின் இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் முனியாண்டியின் லாரி. எதிரே கொடி கட்டிய ஜப்பான் அதிகாரி கார் ஒன்று வந்தது. கொடி கட்டிய காருக்கு நடுச்சாலை முழுவதும் வேண்டும். அதற்கு வழி விடாதவர்கள் கதி எல்லாருக்கும் தெரியும். கார் போகும்வரை லாரி சைக்கிளுக்குப் பின்னாலேயே மெதுவாக வந்திருக்கலாம். வந்தால் மேட்டில் நின்றுபோகும். முனியாண்டி காருக்கும் சைக்கிளுக்கும் நடுவில் நுழைந்தார். லாரியின் பலகை என் வீட்டுக்காரரின் தோளுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. அந்தச் சத்தத்துக்கும் சூட்டுக்கும் உடம்பு தானாக ஒதுங்கியது. முன் சக்கரம் கல்லில் துள்ளியது. ஓரத்தில் இருந்தது லோங்காங். சாலையோரத்து ஆழமான சாக்கடையை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வோம். சைக்கிளோடு அதற்குள் விழுந்தார்.

முனியாண்டி ஓடிப்போய்விடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். கார் போனதும் லாரியை நிறுத்தி, தானே லோங்காங்கில் இறங்கி அவரைத் தூக்கினார். விறகின் மேல் கோணிச்சாக்கை விரித்துப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

சேதி கேட்டு நானும் என் நாத்தனார் அஞ்சலையும் ஓடினோம். வராந்தா பெஞ்சில் அவரும் முனியாண்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மேல் முழுக்கச் சேறு, மற்றவர் மேல் இடுப்பு வரைக்கும் சேறு. என்னைக் கண்டதும் முனியாண்டி எழுந்து நின்றார்.

"படலக்கா," என்றார். "நான் பட விடல. ஒரு சாண் இடம் இருந்துச்சு. அண்ணனையே கேளுங்க."

"படலதான்," என்றார் என் வீட்டுக்காரர். "நானாத்தான் விழுந்தேன். ஆட்டுக்கடா தள்ளிவிட்ருச்சு."

அஞ்சலை என்னைப் போல இல்லை. வாய் உள்ளவள். "படாமலே விழுறதுக்கு எங்கண்ணன் என்ன மரத்துல பழுத்த மாம்பழமா?" என்றாள்.

முனியாண்டி தலையைக் குனிந்துகொண்டார். என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் தோள் வலித்து "ஐயோ, சிரிக்க வைக்காத அஞ்சலை" என்றார். எங்களைப் போலப் பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லாரும் விசாரித்தார்கள். எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றே கேட்டார்கள்: லாரி பட்டதா? படவில்லை என்று தெரிந்ததும், நல்ல காலம் என்று சொல்லித் திரும்பிக்கொண்டார்கள்.

காறை எலும்பு முறிந்திருப்பதாக டாக்டர் சொன்னார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் குறுக்கே ஓடுகிறதே, அந்த எலும்பு. கையை மடக்கி மார்போடு சேர்த்துக் கட்டினார்கள். அது தானாகக் கூடிவிடும் என்றார்கள். லோங்காங்கில் கிடந்த துருப்பிடித்த கம்பி ஒன்று குதிகாலில் குத்தியிருந்தது. புளியங்கொட்டை அளவு ஓட்டை. அதையும் கழுவித் துணி சுற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் நாங்கள் தோளைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம். குதிகாலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டில் அவர் படுத்திருந்த நாட்கள், உண்மையைச் சொன்னால், நல்ல நாட்கள். அவரோடு வேலை செய்தவர்கள் சாயங்காலம் வந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அஞ்சலை எங்கிருந்தோ கருவாட்டுத் துண்டு கொண்டுவருவாள். முனியாண்டி வாசலில் லாரியை நிறுத்தி நாலு விறகைத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்ளே வராமலே போய்விடுவார்.

அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் ஒரு பொய் இருந்தது. சோறு பார்ப்பது அபூர்வம். மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு, அதுவும் வயிறு நிறையாது. ஆகவே ஒருவருக்காக ஒருவர் பசியில்லை என்று சொல்வோம். அவர் பல்வலி என்பார். நான் விரதம் என்பேன். வெள்ளிக்கிழமை விரதம் போய் எனக்கு வாரம் முழுவதும் விரதமாயிற்று. "தண்ணீர்மலை முருகனுக்கே இவ்வளவு விரதம் தாங்காது, சாப்பிடு" என்று கேலி செய்வார். இரண்டு பேருக்கும் தெரியும். தெரியாதது மாதிரி இருப்போம். தட்டு இரண்டு பேருக்கும் நடுவில் போய்ப் போய் வரும்.

ஒரு வாரம் கழிந்திருக்கும். காலையில் கிழங்கை அவித்து மசித்துக் கொண்டுபோய் வைத்தேன்.

"சாப்பிட வாய் வரல. நீ சாப்பிடு," என்றார்.

"இன்னிக்கு என்ன, பல்வலியா?"

"தாடை வலி."

பல்வலி பழசாகிவிட்டது, புதிதாக ஒன்று கண்டுபிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். மத்தியானமும் வேண்டாம் என்றார். உதடு இரண்டு பக்கமும் இழுத்து, சிரிக்கிற மாதிரி இருந்தது. பொய் பிடிபட்டுவிட்டதென்று சிரிக்கிறார் என்று எண்ணி நானும் சிரித்தேன். அவர் பங்கையும் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன்.

சாயங்காலம் அஞ்சலை வந்து, "ரெண்டு பேரும் நாடகம் ஆடுனது போதும், வாயத் திற" என்று கரண்டியைக் கொண்டுபோனாள். கரண்டி பல்லில் மோதி நின்றது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இடமில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் சிரிக்கவில்லை.

பெச்சா என்கிற மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். சக்கரம் குழியில் இறங்கும்போதெல்லாம் அவர் கழுத்து பின்னால் இழுத்தது. ஆஸ்பத்திரியில் கந்தையா என்ற டிரெஸ்ஸர் இருந்தார். டிரெஸ்ஸர் என்றால் டாக்டருக்கு அடுத்தபடி மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிறவர். யாழ்ப்பாணத்துக்காரர். தாடையைத் தொட்டுப் பார்த்தார். குதிகால் துணியை அவிழ்த்துப் பார்த்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார்.

"எப்ப தொடக்கம் வாய் திறக்கேலாமல் கிடக்கு, அக்கா?"

"காலையிலிருந்து. சாப்பாடு வேண்டாம்னாரு. நான்..."

"நீங்கள் சாப்பிடவேணும் எண்டு பொய் சொல்லுறார் எண்டு நினைச்சியள்."

தலையை ஆட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப எல்லா வீட்டிலையும் இதுதான் கதை. பசியில்லை எண்டு சொன்னால் ஒருத்தரும் நம்பிறதில்லை. நீங்கள் அதை நினைச்சு அழவேண்டாம். காலமை கொண்டு வந்திருந்தாலும் குடுக்கிறதுக்கு எங்களிட்டை மருந்தில்லை."

டெட்டனஸ் என்று பெயர் சொன்னார். எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். மண்ணிலும் சாணத்திலும் துருவிலும் ஒரு கிருமி இருக்கிறது. அது காயத்தின் வழியாக உள்ளே போகிறது. காயம் சின்னதா பெரியதா என்று பார்ப்பதில்லை. உள்ளே இருந்து ஒரு விஷத்தைச் சுரக்கிறது. அந்த விஷம் நரம்பில் ஏறி முதலில் தாடையைப் பூட்டுகிறது, பிறகு கழுத்தை, பிறகு முதுகை. ஜப்பான் சண்டைக்கு முன்னால் அதை முறிக்க ஓர் ஊசி மருந்து ஆஸ்பத்திரியில் நிறைய இருந்ததாம். இப்போது தூங்க வைக்கிற மருந்து கொஞ்சம் இருந்தது. அவ்வளவுதான்.

இந்த நோயில் நினைவு மட்டும் தவறாது. அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. எல்லாம் கேட்கும், எல்லாம் தெரியும்.

வார்டின் கடைசியில் ஒரு கட்டில் கொடுத்தார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார்கள். வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது, தொடக் கூடாது. ஒரு தட்டு கீழே விழுந்தால் போதும், கதவு அடித்துக்கொண்டால் போதும், கட்டிலுக்குப் பக்கத்தில் யாராவது விசுக்கென்று நடந்து போனால் போதும், வலிப்பு வந்துவிடும். முதுகு வில்லாக வளையும். பின்னந்தலையும் குதிகாலும் மட்டும்தான் படுக்கையில் இருக்கும். நடுவில் ஒரு பூனை நுழைந்து போகலாம். காறை எலும்பு முறிந்த தோள் அந்த இழுப்பில் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாய் பூட்டியிருந்ததால் கத்தவும் முடியாது.

மிஸ்ஸி ஒரு சீனப்பெண். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நடப்பாள். "ஜாங்ஙான் டெக்காட், ஜாங்ஙான் டெக்காட்" என்று எல்லாரிடமும் மெல்லச் சொல்லிக்கொண்டே இருப்பாள். கிட்டப் போகாதே என்பதற்கு மலாய். ஆனால் வார்டு முழுக்க நோயாளிகள். கக்கூசுக்குப் போகிற வழி அவருடைய கட்டிலை ஒட்டித்தான் இருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. யாரும் அவரைத் தொடவில்லை. எல்லாரும் பக்கத்தில் போனார்கள்.

நான் ஓர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருப்பேன். பஞ்சைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் சொட்டுச் சொட்டாக விடக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தச் சர்க்கரை அஞ்சலை தன் புடவையைக் கொடுத்து வாங்கியது. அவள் சொல்லவில்லை. அந்தப் புடவையை வேறொருத்தி கட்டிக்கொண்டு போனதைப் பிறகு பார்த்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் முனியாண்டி வந்தார். கையில் ஒரு பால் டின். அந்த நாளில் பால் டின் என்றால் தங்கம் மாதிரி. மிஸ்ஸி சொன்னதைக் கேட்டு, நுனிக்காலால்தான் நடந்து வந்தார். டின்னை ஜன்னலோரம் வைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு போகாமல் ஓரமாக நுழைந்து போனார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் கட்டிலைத் தொடவில்லை. கட்டியிருந்த சாரத்தின் நுனி அசைந்தது. அந்தக் காற்றுதான்.

வலிப்பு வந்தது. பல் நெரிகிற சத்தம் வார்டுக்கே கேட்டது.

மிஸ்ஸி முனியாண்டியைக் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அது அடங்கிய பிறகு நானும் போனேன். அவர் சுவரில் சாய்ந்து நின்றார். முகமெல்லாம் வியர்வை.

"தொடலக்கா," என்றார். "நான் பட..."

அங்கே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். பிறகு பால் டின்னை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சொல்லை அதற்குப் பிறகு அவர் வாயில் நான் கேட்டதே இல்லை.

கந்தையா டிரெஸ்ஸர் அப்போது வந்தார். "ஒரு கயிறு இருந்தால் கட்டிலைச் சுற்றிக் கட்டிப்போடலாம். சனம் சுத்திக்கொண்டு போகும்," என்றார்.

முனியாண்டி எழுந்து ஓடினார். லாரியில் விறகு கட்டுகிற நீளக் கயிற்றைக் கொண்டுவந்தார். "எவ்வளவு தள்ளிக் கட்டணும்?" என்று கேட்டார்.

"நடக்கிற ஆளுக்கு இடம் விட்டால் காணாது. நோயாளிகள்தானே, தலை சுத்தி விழுவினம். ஓர் ஆள் கட்டில் பக்கம் விழுந்தாலும் கட்டிலிலை முட்டக்கூடாது. அவ்வளவு தள்ளி."

முனியாண்டி யோசித்தார். பிறகு சத்தம் இல்லாமல் தரையில் மல்லாந்து படுத்தார். தலை கட்டில் பக்கம், கால் வழிப் பக்கம். கால் பெருவிரல் எட்டுகிற இடத்தில் அடையாளம் வைக்கும்படி கையால் காட்டினார். பக்கத்துக் கட்டில்காரர் நாள்பட்ட இருமல்காரர். வாயைப் பொத்திக்கொண்டு, "டிரைவர் தம்பி, தூங்கிறாதலா, இங்க கட்டில் காலி இல்ல," என்று கிசுகிசுத்தார். வார்டில் நாலைந்து பேர் சத்தம் வராமல் சிரித்தார்கள். மிஸ்ஸி கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் கிடந்த முனியாண்டியின் முகம் அவருக்குத் தெரிந்திருக்கும். பூட்டிய பல்லுக்குள்ளிருந்து மெல்லப் பேசினார். நான் காதைக் கொடுத்துக் கேட்டேன்.

"ஆட்டுக்கடாவுக்கும்... இவ்ளோ எடம்... வேணும்."

முனியாண்டி படுத்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார். "சரிண்ணே," என்றார்.

கயிற்றை நாலு பக்கமும் நாற்காலிகளில் கட்டினார்கள். போகிறவர்கள் சுற்றிப் போனார்கள். கொஞ்சம் சிரமம்தான். இருமல்காரர் கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றித்தான் போனார். அன்று சாயங்காலம்வரை வலிப்பு குறைந்திருந்தது. அவர் கொஞ்சம் தூங்கினார். ஆள் பிழைத்துவிடுவார் என்று நான் எண்ணத் தொடங்கினேன்.

எங்கள் ஊர் தீவு. கடலுக்கு அக்கரையில் ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் பழைய ஊசி மருந்து எங்காவது ஒளித்து வைத்திருப்பார்கள் என்று யாரோ முனியாண்டியிடம் சொல்லியிருக்கிறார்கள். கள்ளச் சந்தையில் வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுக்கு மதிப்பில்லை. ஆகையால் என் காதுத் தோட்டைக் கழற்றி நீட்டினேன். "அது காதுலயே இருக்கட்டும்கா. மருந்து இருந்தா நான் பேசிக்கிறேன்," என்று வாங்க மறுத்துவிட்டுப் படகேறி அக்கரைக்குப் போனார்.

காத்திருப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வராந்தாவில் போய் நிற்பேன். கரி லாரியின் இருமல் சத்தம் கேட்டால் படிக்கட்டு வரைக்கும் ஓடுவேன். வேறு லாரியாக இருக்கும். திரும்ப வந்து உட்காருவேன். அவர் கண்ணால் கேட்பார். "வந்துக்கிட்டு இருக்கான்" என்று சொல்வேன். எங்கள் வீட்டில் பொய் சொல்வது பழக்கம்தானே. அவரும் நம்புகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார்.

முனியாண்டி மறுநாள் இருட்டுகிற நேரத்தில் வந்தார். கயிற்றுக்கு வெளியே நின்றார். கையில் ஒன்றும் இல்லை. நான் எழுந்து போகவில்லை. போனால் அவர் சொல்ல வேண்டியிருக்கும். இருவரும் இருந்த இடத்திலேயே இருந்தோம்.

அதற்கடுத்த காலை கறுப்புத் துணியின் ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தபோது ஒரு வலிப்பு வந்தது. யாரும் பக்கத்தில் போகவில்லை. சத்தமும் இல்லை. தானாகத்தான் வந்தது. நெஞ்சு இறுகி மூச்சு உள்ளேயே நின்றது. முதுகு மெல்லக் கட்டிலில் இறங்கியது. மூச்சு திரும்பவில்லை. மிஸ்ஸி ஜன்னல் துணியை அவிழ்த்தாள். இனி வெளிச்சம் படலாம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. முகத்தில் இருந்த அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரத்தில் தளர்ந்து, அவருடைய சொந்த முகம் திரும்ப வந்தது. அதைப் பார்க்கக் கொடுத்து வைத்தது எனக்குப் போதும். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கட்டிலுக்கு வந்ததிலிருந்து நான் அவரைத் தொட்டது அப்போதுதான்.

முனியாண்டியின் லாரியில்தான் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் பெண்கள் போகவில்லை. அஞ்சலையின் வீட்டுக்காரர் வந்து சொன்னார். வழியில் கிழங்கு மூட்டை கட்டிய சைக்கிள் ஒன்று முன்னால் போயிருக்கிறது. எதிரே வண்டிகள் வந்துகொண்டிருந்தன. முனியாண்டி அதை முந்தவே இல்லை. பின்னால் வந்த வண்டிக்காரர்கள் ஏசினார்கள். "போலா, இடம் இருக்குதுல்ல," என்று லாரியில் இருந்த நம் ஆட்களே சொன்னார்கள். "அந்தாளு விழுறதுக்கு இடம் இல்ல," என்றாராம். மேட்டில் லாரி நின்றுபோனது. எல்லாரும் இறங்கி, என் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே தள்ளினார்கள். சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்து, சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, அவரும் வந்து தள்ளினாராம்.

கார், லாரி, டாக்சி ஓட்டுகிற தம்பிமார்களிடம் இதைத்தான் சொல்ல வந்தேன். உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் இல்லை. முனியாண்டி நல்லவர். நல்லவர்களும் ஒரு சாண் இடத்தில் நுழைந்து போகிறார்கள். சைக்கிளைக் கண்டால் அது ஓடுகிற அகலத்தை அளக்காதீர்கள். அதில் இருக்கிறவர் உங்கள் பக்கம் சாய்ந்து விழுந்தால் எவ்வளவு இடம் வேண்டும் என்று பாருங்கள். ஓர் ஆள் நீளம். அவ்வளவு இடம் விட்டுப் போங்கள். இடம் இல்லையென்றால் கொஞ்சம் பின்னாலேயே வாருங்கள். சைக்கிள்காரர் எங்காவது திரும்புவார், அல்லது எதிர் வண்டி போய்விடும். இப்போது உங்களிடம் பெட்ரோல் இருக்கிறது. நின்றால் மறுபடி ஓடும். படவில்லை என்பது எனக்குச் சமாதானம் ஆகவில்லை. வேறு எந்த வீட்டிலும் ஆகாது.

அவரை எரித்த மறுநாள் அவருடைய துணிமணியை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தக் கட்டிலுக்கு வேறொருவரைக் கொண்டுவந்தார்கள். மிஸ்ஸி கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி என்னிடம் கொடுத்தாள். அதைக் கொண்டுபோய் முனியாண்டியிடம் கொடுத்தேன். அவர் வாங்கி லாரியில் போட்டுக்கொண்டு விறகு ஏற்றப் போனார்.